டவுன் கடை வைஃபையில் சேமநிதிப் பணம் எடுத்துக் கொடுக்கலாமா?

பெரட்டுக்களம்:

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருக்கிறேன். எங்கள் லயத்தில் லைன் சரியாகக் கிடைக்காது. கோயில் படியில் ஏறி நின்றால் ஒரு கோடு காட்டும், மழை வந்தால் அதுவும் போய்விடும். அதனால் பணம் அனுப்புவது, பிள்ளைகளின் பள்ளிப் படிவம், கோலாலம்பூரில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுவது எல்லாமே சனிக்கிழமை டவுனுக்குப் போகும்போதுதான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. தே தாரே ஒன்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் வைஃபை இலவசம். பாஸ்வர்டைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சம்பளம் போட்ட வாரம் பாதி மேசைகளில் எங்கள் தோட்டத்து ஆட்கள்தான் இருப்பார்கள்.

போன மாதம் அடுத்த வீட்டுப் பெரியம்மா அங்கே போயிருக்கிறார். சொந்தம் இல்லை, நான் கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். கைப்பேசியில் கடையின் பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது. ஒன்றில் பூட்டுப் படம், இன்னொன்றில் இல்லை. பூட்டு இல்லாததைத் தொட்டால் பாஸ்வர்ட் கேட்காது என்று அதைத் தொட்டிருக்கிறார். ஒரு பக்கம் திறந்தது. மேலே கடையின் பெயர், கீழே இலவச இணையத்துக்கு ஃபேஸ்புக் கணக்கில் நுழையவும் என்று இரண்டு கட்டம். பேரன் பாஸ்வர்டை ஒரு தாளில் எழுதி கைப்பேசி உறைக்குள் வைத்துக் கொடுத்திருந்தான். அதைப் பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறார். இணையமும் கிடைத்தது, பேத்தியோடு பேசியும் இருக்கிறார்.

மூன்றாம் நாள் அவர் கணக்கிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு செய்தி போயிருக்கிறது: "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாக 300 வெள்ளி வேண்டும்." குளுவாங்கில் இருக்கும் தம்பி மருமகள் உடனே அனுப்பிவிட்டாள். பெரியம்மாவுக்குப் பணம் போனதைவிட, "நான் சொந்தக்காரங்ககிட்ட கை நீட்டுனதா நெனைச்சிட்டாங்களே" என்பதுதான் தாங்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். எங்களிடம் இருப்பது ஒரே வைஃபை, அதற்குப் பாஸ்வர்ட் உண்டு, அப்படி ஒரு பக்கமே எங்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

இப்போது என் கவலை வேறு. தீபாவளி வருகிறது. சேமநிதியில் 2024 மே மாதம் மூன்றாவது கணக்கு வந்ததிலிருந்து, 55 வயதுக்குள் இருப்பவர்கள் அதில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், 50 வெள்ளியிலிருந்து. எங்கள் தோட்டத்தில் ஐந்து பேர் "நீங்களே எடுத்துக் கொடுங்க" என்று என்னிடம் வந்திருக்கிறார்கள். அண்ணாந்து அண்ணாந்து குலை வெட்டிக் கழுத்து வலியோடு சேர்த்த காசு அது. என் கையால் ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

அந்தக் கடை வைஃபையில் செய்யலாமா? பூட்டு அடையாளம் இருந்தால் போதுமா? அவர்களின் கைப்பேசிகள் பழையவை, என்னுடையதிலேயே ஐந்து பேருக்கும் செய்து கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தைப்பிங் தம்பி:

அக்கா, இலவச விபிஎன் ஒன்று இறக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் மறைந்துவிடும், யாராலும் பார்க்க முடியாது. நான் இரண்டு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஏழாம் நம்பர் லயம்:

அக்கா, நான் ஷா ஆலமில் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். அப்பா பால்மரம் வெட்டியவர், அம்மா உதிரிப் பழம் பொறுக்கியவர். உங்கள் பெரியம்மா சொன்னதைப் படித்தபோது அம்மா சொன்னது போலவே இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், தோட்டத்துக்கு முன்பு கடிதம் எப்படி வந்தது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் ஆபீஸ் வழியாகத்தான். ஊரிலிருந்து வெறும் கார்டு வந்தால் எடுத்துக் கொடுக்கிறவர் முழுக்கப் படித்துவிடலாம். ஒட்டிய உறை வந்தால் யாருக்கு, எங்கிருந்து என்பது மட்டும்தான் தெரியும். வைஃபையும் அந்த ஆபீஸ் மாதிரிதான். முன்பெல்லாம் இணையத்தில் முக்கால்வாசி வெறும் கார்டாகப் போய்க்கொண்டிருந்தது. 2010இல் ஃபயர்ஷீப் என்று ஒரு சிறிய மென்பொருள் வந்தது. ஒரே திறந்த வைஃபையில் இருக்கிறவர்களின் ஃபேஸ்புக் கணக்குகளை அது வரிசையாகக் காட்டும். ஒரு பெயரைத் தொட்டால் பாஸ்வர்டே இல்லாமல் உள்ளே போய்விடலாம். தளங்கள் எவ்வளவு அஜாக்கிரதையாக இருக்கின்றன என்று காட்டத்தான் அதை எழுதியவர் வெளியிட்டார். அதன் பிறகு பெரிய தளங்கள் பலவும் எல்லாவற்றையும் உறையில் போட்டு அனுப்பத் தொடங்கின. ஃபேஸ்புக் 2013இல் எல்லாருக்கும் அப்படி மாற்றியது. இன்று வங்கிச் செயலியும் சேமநிதிச் செயலியும் ஒட்டிய உறையில்தான் பேசுகின்றன. கடை வைஃபையை வைத்திருப்பவருக்கு நீங்கள் எந்த வங்கியோடு பேசுகிறீர்கள் என்பது தெரியலாம். உள்ளே இருக்கும் எண்ணும் பாஸ்வர்டும் தெரியாது. அதனால் "கடை வைஃபையில் வங்கிச் செயலியைத் திறந்தாலே பணம் போய்விடும்" என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் பெரியம்மாவுக்கு எப்படி ஆனது? யாரும் உறையைப் பிரிக்கவில்லை. ஆபீஸ் மாதிரியே ஒரு கொட்டகை போட்டு, அதே பெயரை எழுதி, "கடிதத்தை இங்கே கொடுங்கள்" என்று வாங்கிக்கொண்டார்கள். வைஃபையின் பெயர் வெறும் பெயர்தான் அக்கா, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பக்கத்து மேசையில் இருக்கிறவர் தன் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு அந்தக் கடையின் பெயரையே வைத்தால் உங்கள் பட்டியலில் இரண்டு வரும். ஆஸ்திரேலியாவில் 2024இல் இதற்காகவே ஒருவர்மீது போலீஸ் வழக்குப் போட்டது. விமான நிலையங்களிலும் பறக்கும் விமானத்துக்குள்ளேயும் போலி வைஃபை போட்டு, வந்து சேர்ந்தவர்களிடம் மின்னஞ்சல், ஃபேஸ்புக் பாஸ்வர்டுகளைக் கேட்டு வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. விமான ஊழியர்கள் சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்த பிறகுதான் பிடிபட்டார். பெரியம்மாவுக்கு வந்தது அதே பக்கம்தான்.

அதனால் தோட்டத்தில் ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிக் கொடுக்க முடியும் என்றால் இதைச் சொல்லுங்கள்: வைஃபைக்குள் போக ஒரு பக்கம் திறந்து ஃபேஸ்புக் பாஸ்வர்ட், மின்னஞ்சல் பாஸ்வர்ட், ஐசி (அடையாள அட்டை) எண், வங்கி விவரம் எதைக் கேட்டாலும் கைப்பேசியை மூடி வைத்துவிட வேண்டும். பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்கிற கடைகள் உண்டு, அதற்குமேல் ஒரு கடைக்கும் தேவை கிடையாது. "இணையம் வேண்டுமானால் இந்தச் செயலியை இறக்குங்கள்" என்று கேட்டாலும் அப்படித்தான்.

சுவரில் எழுதிய பாஸ்வர்ட் பற்றியும் சொல்ல வேண்டும். பூட்டு இருக்கிறது என்பதால் அந்த வைஃபை பத்திரம் என்று நினைக்காதீர்கள். இப்போது பெரும்பாலான கடைகளில் இருக்கும் முறையில், அந்த பாஸ்வர்ட் தெரிந்த ஒருவர், நீங்கள் வைஃபையில் சேரும் அந்த நொடியில் காற்றில் போவதைப் பிடித்து வைத்தால் பிறகு அவிழ்த்துப் பார்க்க முடியும். சுவரைப் பார்த்த எல்லாருக்கும் பாஸ்வர்ட் தெரியும். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபைப் பாதுகாப்பு முறை இதைச் சரிசெய்தது, ஆனால் பழைய ரௌட்டர்களில் அது இருக்காது. அவிழ்த்தாலும் உள்ளே இருப்பது ஒட்டிய உறைதான் என்பதால் பயந்து ஓட வேண்டாம்.

தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டு வேறு. அது உறை ஒட்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். உறை யாருக்குப் போகிறது என்று சொல்லாது. போலி வங்கிப் பக்கத்துக்கும் அந்தப் பூட்டைக் காசு கொடுக்காமலே வாங்கிவிடலாம். மக்கள் இதைப் பார்த்து ஏமாறுகிறார்கள் என்பதால்தான் 2023இல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள், இல்லையென்றால் உலாவியை விட்டுவிட்டுச் செயலியிலேயே செய்யுங்கள். "இந்த இணைப்பு தனிப்பட்டது அல்ல" என்று முழுத் திரையில் எச்சரிக்கை வந்தால் "பரவாயில்லை, தொடர்" என்பதைத் தொடவே கூடாது. கடை வைஃபையில் அந்த எச்சரிக்கை வந்தால் நடுவில் யாரோ நிற்கிறார் என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

தைப்பிங் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. விபிஎன் என்பது உறையை இன்னொரு உறையில் போட்டு இன்னொருவர் வீட்டுக்கு அனுப்புவது. கடைக்காரருக்குத் தெரியாது, சரி. விபிஎன்காரருக்குத் தெரியுமே? காசு வாங்காமல் நடத்துகிறவர் எதை விற்றுச் சாப்பிடுகிறார் என்று ஒரு நிமிடம் யோசி. அதோடு, பெரியம்மாவுக்கு விபிஎன் போட்டுக் கொடுத்திருந்தாலும் அந்தக் கட்டத்தில் பாஸ்வர்டை அவரே அடித்திருப்பார். அது அதைத் தடுத்திருக்காது.

இனி உங்கள் ஐந்து பேர். டவுனில் லைன் நன்றாக இருக்கும் அல்லவா? பணம் சம்பந்தப்பட்ட அந்த ஐந்து நிமிடம் மட்டும் வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் செய்யுங்கள். படம், பாட்டு, வீடியோதான் டேட்டாவைக் குடிக்கும், பணம் எடுக்கிற வேலைக்குக் கொஞ்சம்தான் போகும். அவர்களிடம் டேட்டா இல்லையென்றால் உங்கள் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, உங்களுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வர்ட் வைத்துக் கொடுங்கள். செயலியை முன்கூட்டியே பிளே ஸ்டோரிலிருந்து கடை வைஃபையில் இறக்கிக்கொள்ளலாம், அதில் பயமில்லை.

உங்கள் கைப்பேசியில் எல்லாருக்கும் செய்து கொடுக்க வேண்டாம் அக்கா. உங்கள்மீது சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் டிஏசி எண் (ஒப்புதலுக்காக வரும் ஒருமுறை எண்) உங்களுக்குத்தான் வரும், நாளைக்கு எங்கே என்ன தவறினாலும் பெயர் உங்கள்மீது விழும். வங்கியும் ஒருவருக்கு ஒரு கைப்பேசி என்றுதான் வைத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சொன்னவற்றில் அதுவும் ஒன்று. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணைக் கைவிட்டுச் செயலியிலேயே ஒப்புதல் கேட்க வேண்டும் என்றும் அப்போதுதான் சொன்னார்கள். அவரவர் கைப்பேசி, அவரவர் விரல். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

பெரியம்மாவுக்கு இன்றைக்கே செய்ய வேண்டியது: ஃபேஸ்புக் பாஸ்வர்டை மாற்றி, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதைத் தொடுங்கள். மாற்றாமல் விட்டால் உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பார். அதே பாஸ்வர்ட் மின்னஞ்சலுக்கும் இருக்கிறதா என்று பேரனிடம் கேளுங்கள். இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். குளுவாங்கில் இருப்பவரை மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் தன் வங்கிக்கும் அழைக்கச் சொல்லுங்கள், போலீஸ் புகாரும் வேண்டும். பணம் போன கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மூல் தளத்தில் போட்டுப் பார்த்தால் அதன்மீது ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று தெரியும். தாமதமாகிவிட்டது, பணம் வருமா என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த முறை யாருக்கு ஆனாலும் அதே நிமிடம் 997ஐ அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

தெலுக் இந்தான் போட்டோஸ்டேட்:

தம்பி வைஃபை பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன், என் கண்ணால் தினமும் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன் தங்கச்சி.

படிவம் அச்செடுக்க வருகிறவர்கள் எங்கள் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். ஒரு தடவை பாட்டி ஒருவரின் வாட்ஸ்அப் சாயங்காலம் வரைக்கும் என் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. மகன் அனுப்பிய வங்கிக் கணக்கு எண், ஐசி படம் எல்லாம். நானே வெளியேற்றிவிட்டு, அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொன்னேன். எல்லாக் கடையிலும் அப்படிச் செய்வார்களா? உங்கள் ஆட்களின் கைப்பேசியை வாங்கி, வாட்ஸ்அப் அமைப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்பதைத் திறந்து பாருங்கள். தெரியாத கணினி ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். அங்கேயே இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று இருக்கும், ஆறு இலக்க எண் ஒன்று வைத்துவிடுங்கள்.

ஐசி நகல் கொடுக்கும்போது குறுக்காக இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று நடுவில் மலாயில் எழுதச் சொல்லுங்கள். என் கடையில் பேனாவை நானே கையில் கொடுப்பேன்.

இன்னொன்று. கல்யாண அழைப்பு என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும், பெயர் ஏபிகே என்று முடியும். அதைத் தொட்டு ஏற்றிவிட்டால் அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் டிஏசி எண் அவர்களுக்கும் போகும். வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்புகிறோம் என்றும் இதே மாதிரி ஒரு செயலியைக் கொடுப்பார்கள். வைஃபையைவிட எனக்கு இதுதான் பெரிய பயம், ஏனென்றால் இது வீட்டுக்கே வருகிறது.

தைப்பிங் தம்பி:

அண்ணே, கோபம் ஒன்றும் இல்லை. நான் போட்டிருந்த விபிஎன்னைத் தேடிப் பார்த்தேன், யார் நடத்துகிறார்கள் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அழித்துவிட்டேன். ஒரு சந்தேகம். ஒரு தடவை சேர்ந்த வைஃபையில் கைப்பேசி தானாகவே சேர்ந்துகொள்கிறதே, அந்தப் போலிப் பெயரிலும் அப்படிச் சேருமா?

ஏழாம் நம்பர் லயம்:

சேரும் தம்பி. முன்பு சேர்ந்தது பூட்டில்லாத வைஃபை என்றால் அதே பெயரில் யார் போட்டாலும் கைப்பேசி போய் ஒட்டிக்கொள்ளும். பூட்டு உள்ளதென்றால் பாஸ்வர்டும் ஒத்துப்போக வேண்டும், அது சுவரில்தான் இருக்கிறது. அந்தப் பெயரை நீண்ட நேரம் அழுத்தி "மறந்துவிடு" கொடு, அல்லது "தானாக இணை" என்பதை அணைத்து வை. பெரியம்மாவின் கைப்பேசியில் இதை மறக்காமல் செய்யுங்கள் அக்கா, இல்லாவிட்டால் அடுத்த சனிக்கிழமை அவர் பைக்குள் இருக்கும்போதே சேர்ந்துவிடும்.

பெரட்டுக்களம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்றுத்தான் போய்வந்தோம், அதனால்தான் தாமதமாக எழுதுகிறேன்.

ஐந்து பேரில் நான்கு பேருக்கு முடிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே டவுனில் வைத்துச் செயலியை இறக்கிக்கொண்டோம். சனிக்கிழமை வைஃபையை அணைத்துவிட்டு, என் ஹாட்ஸ்பாட்டில் ஒவ்வொருவராக. அந்தக் கடைக்குள் போகவில்லை, டவுன் கோயிலுக்கு எதிரே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். குலை வெட்டுகிற கைக்குச் சின்ன எழுத்தைத் தொடுவது சிரமம். ஒரு அண்ணன் டிஏசி எண்ணை மூன்று தடவை தப்பாக அடித்தார். "நீயே அடிச்சிரு தாயி" என்று கைப்பேசியை நீட்டினார். தம்பி சொன்னது ஞாபகம் வந்தது, வாங்கவில்லை. எண்ணை உரக்க வாசிக்கவும் வேண்டாம் என்று சொல்லி, அவரே பார்த்து அவரே அடிக்கிறவரைக்கும் காத்திருந்தேன். பணம் அவரவர் வங்கிக் கணக்குக்குத்தான் வரும் என்று வந்ததும் எல்லாருக்கும் நிம்மதி.

ஐந்தாமவரின் கைப்பேசி ரொம்பப் பழையது, செயலியே ஏறவில்லை. கட்டாயப்படுத்தவில்லை. ஈப்போ சேமநிதி அலுவலகத்துக்கு அடுத்த வாரம் ஐசியோடு கூட்டிப் போகிறேன், பெரிய கிராணியிடம் அரை நாள் லீவு கேட்டுவிட்டேன்.

போட்டோஸ்டேட் அக்கா சொன்னதும் சரிதான். நான்கு பேரில் இரண்டு பேரின் வாட்ஸ்அப்பில் தெரியாத கணினி இருந்தது. ஒன்று போன வருடத்திலிருந்து.

பெரியம்மாவின் பாஸ்வர்டை மாற்றிவிட்டோம், வைஃபை பெயரையும் அழித்துவிட்டேன். உறைக்குள் இருந்த தாளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 997 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். குளுவாங் மருமகளை நானே அழைத்துப் பேசினேன். "பெரியம்மா கேட்கலை, அவங்க பேரை வச்சு வேற யாரோ கேட்டாங்க" என்று சொன்னதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். இன்று காலையில் அவளே பெரியம்மாவைக் கூப்பிட்டு, தீபாவளிக்கு எல்லாரும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறாள்.

கடைக்காரரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். சுவரில் பாஸ்வர்டுக்குக் கீழே "எங்கள் வைஃபை ஒன்றுதான், ஃபேஸ்புக் கேட்காது" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுகிறேன் என்றார். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.